தாடிக்காரர் அனுப்பிய சவரக்கத்தி

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். என் இடது தாடை மட்டும் இன்னும் முழுச் சுகத்துக்கு வரவில்லை, ஆனால் கவலைப்படும்படி ஒன்றுமில்லை, காய்ந்துவிட்டது. அங்கே நீங்களும் என் மகளும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று நீங்கள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசுகிற லட்சணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் "நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை?" என்பேன். நீங்கள் "நல்லா இருக்கேன் மாமா" என்பீர்கள். உடனே நான் "இதோ அத்தைகிட்ட குடுக்கறேன்" என்று போனை நெருப்புத் துண்டு மாதிரி கைமாற்றிவிடுவேன். உங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து இதற்கு மேல் ஒரு சொல் நமக்குள் ஓடியதில்லை. சண்டையா என்றால் அதுவும் கிடையாது. என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை, அவ்வளவுதான். நான் சொல்ல வந்த நன்றி அந்தச் சின்ன இடத்துக்குள் அடங்காது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீங்கள் அனுப்பிய சவரக்கத்தி வந்து சேர்ந்தது. வந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. இவ்வளவு தாமதமாக எழுதுவதற்கு என் மேல் கோபித்துக்கொள்ளக் கூடாது. பார்சல் வந்த அன்றே உங்களுக்குப் போன் பண்ணத்தான் போனேன். உங்கள் அத்தைதான் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். முதலில் கற்றுக்கொள்ளுங்கள், கற்றுக்கொண்ட முகத்தோடு நன்றி சொன்னால்தான் அழகு என்றாள். அதோடு, மாப்பிள்ளை கூச்ச சுபாவம், நம் மகளுக்குக்கூடத் தெரியாமல் அனுப்பியிருக்கிறார், நமக்குள் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார், நீங்கள் பாட்டுக்கு ஊரைக் கூட்டாதீர்கள் என்றும் சொன்னாள். அந்தக் கூச்சம் எனக்குப் பிடித்திருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பெட்டியைத் திறந்தபோது எனக்குச் சுருக்கென்றது. போன தடவை நீங்கள் வந்திருந்தபோது நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. குட்டியைத் தூக்கிக் கன்னத்தோடு கன்னம் வைத்தேன். அவள் வீடே அதிரும்படி வீரிட்டாள். நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் வந்து என் கையிலிருந்து அவளை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், உங்கள் தாடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் சமர்த்தாகத் தூங்குகிறாள். ஒரு முழத் தாடி குத்தவில்லை, என் நாலு நாள் முள் குத்திவிட்டது. அன்று சாயங்காலம் வரை நான் பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்படிப்பட்ட நிலையில் உங்களிடமிருந்து ஒரு சவரக்கத்தி வந்தால் ஒரு மாமனார் என்ன நினைப்பான், சொல்லுங்கள். முகத்தைச் சரிபண்ணிவிட்டு வா, அப்புறம் பேத்தியைத் தூக்கலாம் என்கிறீர்கள் என்று நினைத்தேன். அதுவும் சொல்வது யார், நெஞ்சு வரைக்கும் தாடி வைத்திருப்பவர். உங்கள் அத்தையிடம் எகிறினேன். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அவர் முகத்துல அவருக்கு வேலையே இல்லை, அதான் உங்க முகத்தைப் பத்தி யோசிச்சிருக்கார்" என்றாள். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அடுத்த தடவை குட்டி என்னிடம் வரவேண்டும் என்று நீங்கள் விரும்பாவிட்டால் எதற்காக இவ்வளவு மெனக்கெடப் போகிறீர்கள்? அந்த நொடியே முடிவு செய்தேன். அடுத்த தடவை குட்டி வரும்போது என் கன்னம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், அவள் அழக்கூடாது. அதற்காக எதையும் வெட்டிக்கொள்ளலாம் என்று தயாரானேன், பல இடங்களில் வெட்டியும் கொண்டேன்.

பெட்டிக்குள் இருந்ததையெல்லாம் மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். மடக்கினால் பிடிக்குள் போய் ஒளிந்துகொள்ளும் கத்தி, அதைத் தீட்ட ஒரு நீளத் தோல்வார், சோப்பு, நுரை கிளப்புகிற பிரஷ், வெட்டுப்பட்டால் தடவப் படிகாரக் கட்டி. படிகாரம் இவ்வளவு பெரிதாக எதற்கு என்று அன்று கேட்டேன். இப்போது பாதிதான் மிச்சம் இருக்கிறது. என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும், வேலையில் இருந்த காலம் முழுக்க டிரைவிங் ஸ்கூலில் அடுத்தவர்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். கிளட்ச் மாஸ்டர் என்றால் இன்றைக்கும் நாலு பேருக்குத் தெரியும். அந்த வண்டியில் கற்றுக்கொடுப்பவர் பக்கம் இரண்டாவதாக ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் எந்தக் கிறுக்குத்தனம் பண்ணினாலும் நான் காலை வைத்தால் வண்டி நின்றுவிடும். அந்தத் தைரியத்திலேயே காலத்தை ஓட்டியவன், ஒரு கத்தி என்ன பெரிய கத்தி என்று விரித்தேன். எந்த வண்டியை எடுத்தாலும் முதலில் பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம், அந்த வழக்கத்தில் கூராக இருக்கிறதா என்று கட்டைவிரலை வைத்து லேசாக இழுத்துப் பார்த்தேன். கூராகத்தான் இருந்தது. முகத்துக்குப் பக்கத்திலேயே போகாமல் முதல் நாள் பாடம் முடிந்தது.

அடுத்து தீட்டுகிற படலம். உங்கள் அத்தை போனில் வீடியோக்கள் வைத்திருந்தாள், நீங்கள்தான் அனுப்பியதாகச் சொன்னாள், அதைப் போட்டுக் காட்டினாள். அதில் ஒரு ஆள் வாரின் வளையத்தை எதிலோ மாட்டிவிட்டு, மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியை அப்படியும் இப்படியும் அநாயாசமாகத் தடவுகிறார். நான் பாதி பார்த்ததுமே புரிந்துவிட்டது என்று எழுந்துவிட்டேன். வளையத்தை மாட்ட வசதியாக எதிரில் ஃபிரிட்ஜ் கைப்பிடி தெரிந்தது. மாட்டி இழுத்தேன். ஃபிரிட்ஜ் திறந்துகொண்டது. காலால் மூடினேன். மறுபடி இழுத்தேன், மறுபடி திறந்தது. மூன்றாவது தடவை கொஞ்சம் வேகமாக இழுத்ததில் கதவில் வைத்திருந்த முட்டைகள் தட்டோடு கீழே இறங்கின. முட்டையைப் பிடிக்கப் போகும்போது கத்தி வாரின் மேல் தலைகீழாக இறங்கிவிட்டது. கத்தியின் முதுகுதான் முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் வரவேண்டும், அதுதான் முறை. நான் ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற மாதிரி வாயை முன்னால் தள்ளிவிட்டேன். வாரில் ஒரு காயம், இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். உங்கள் அத்தை வந்து தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். திரும்பி வந்து, "மாப்பிள்ளை சொல்றார், வாரை ஜன்னல் கம்பியில மாட்டணுமாம். முட்டையைத் துடைச்சதுக்கு அப்புறமாம்" என்றாள். உங்களுக்கு எவ்வளவு பொறுமை என்று வியந்தேன். மண்டி போட்டுத் தரையைத் துடைத்தேன். இந்த வீட்டில் நான் தரை துடைத்தது அதுதான் முதல் தடவை, உங்கள் வார்த்தைக்காகத்தான் துடைத்தேன்.

அதிலிருந்து உங்கள் யோசனைகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. நீங்கள் நேராக என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு அத்தை மூலமாகச் சொல்லி அனுப்புகிறீர்கள் என்பது எனக்குப் புரிந்தது, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கத்தியைத் தொடுவதற்கு முன்னால் பிரஷர் மாத்திரை போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கை நடுங்கும் என்றீர்கள். எவ்வளவு சரியான பேச்சு. அந்த மாத்திரையை நான் நினைத்தால் போடுவேன், இல்லாவிட்டால் இல்லை என்று வைத்திருந்தேன். இப்போது ஒரு நாள் தவறுவதில்லை. மூன்றாவது டீ கூடாது, விரல் உதறும் என்றீர்கள். விட்டுவிட்டேன், அந்த ஒன்றில் மட்டும் எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. மழிப்பதற்கு முன்னால் வெளியே போய் நடந்துவிட்டு வந்தால் முகத்தோல் இளகிக் கொடுக்கும் என்றீர்கள். கால் நடந்தால் கன்னம் எப்படி இளகும் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை, ஆனாலும் நடக்கிறேன். முடிந்ததும் வாஷ்பேசினைத் தேய்த்துக் கழுவ வேண்டும், சோப்புக் கறை படிந்தால் அதன் ஆவி கத்தியின் கூரைக் கெடுக்கும் என்றீர்கள். ஈரத்துண்டைக் கட்டில் மேல் போடாமல் கொடியில் விரித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் ஈரம் தங்கிக் கத்தி துருப்பிடிக்கும் என்றீர்கள். மாப்பிள்ளை, இந்தக் கடைசி இரண்டையும் உங்கள் அத்தை கல்யாணமான நாளிலிருந்து தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஏனென்றால் அவள் ஒரு நாளும் காரணம் சொன்னதில்லை. நீங்கள் விஞ்ஞானத்தோடு சொன்னதும் உடனே ஏறிக்கொண்டது.

இதற்கு நடுவில் பலூன் விவகாரம் வேறு. முகத்தில் வைப்பதற்கு முன்னால் பலூனை ஊதி, அதன் மேல் நுரை தடவி, பலூன் வெடிக்காமல் நுரையை மட்டும் வழித்தெடுக்கப் பழக வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். கடையில் போய் ஒரு பாக்கெட் பலூன் கேட்டேன். கடைக்காரம்மா, பிறந்தநாள் கொண்டாடும் குழந்தைக்கு என்ன வயசு என்று கேட்டார். ரிடையர் ஆன குழந்தை என்று சொல்லிவிட்டு வாங்கி வந்தேன். முதல் பலூன் வெடித்த சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் கேஸ் சிலிண்டர்தான் போய்விட்டது என்று செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடிவந்தார். கதவைத் திறந்தால், தலையிலிருந்து பனியன் வரை நுரையோடு, ஒரு கையில் கத்தியோடு, இன்னொரு கையில் பலூனின் கழுத்து மட்டும் தொங்க நான் நிற்கிறேன். மனிதர் கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகப் பின்பக்கமாகவே நடந்து மாடிக்குப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க அவர் மனைவி எங்கள் வாசலைத் தாண்டும்போது நடை கொஞ்சம் வேகமானது. பாக்கெட் தீரப்போகிற சமயத்தில் ஒரு பலூனை முழுசாக வழித்துவிட்டேன். ஒரு கீறல் இல்லை. அதை நாற்காலியில் பத்திரமாக வைத்துவிட்டு உங்கள் அத்தையைக் கூட்டிவந்து காட்டப் போனேன். அவள் அடுக்களையிலிருந்து வந்தாள், எங்கே காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டே அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். மாடிக்காரர் இந்தத் தடவை இறங்கி வரவில்லை.

ஒருவழியாக முகத்துக்கு வந்தோம். புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் ஒரு கன்னத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், கை பழகிய பிறகுதான் மற்ற இடங்கள் என்பது விதி. கத்தியை முகத்தோடு படுத்த மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும், நிமிர்த்தினால் வெட்டும். மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். அழுத்தவே கூடாது. பக்கவாட்டில் நகர்த்தினால் அவ்வளவுதான். உங்கள் அத்தை குளியலறை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் வண்டியில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொன்னதெல்லாம் எனக்கே திரும்பி வந்தது. "மெதுவா. மெதுவா. கண்ணாடியைப் பாருங்க. அங்க என்ன அவசரம்?" எத்தனை பேர் என் பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வலது கன்னம் முடிந்தது. இரண்டு சின்ன வெட்டு, ஒரு பெரிய வெட்டு. ஆனால் தொட்டுப் பார்த்தால் வழுவழு. அதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னதால் நிறுத்திக்கொண்டேன். அந்த நாட்கள் முழுக்க வலது கன்னம் கல்யாண மாப்பிள்ளை மாதிரியும் இடது கன்னம் கடன்காரன் மாதிரியும் திரிந்தேன். எதிரில் தெரிந்தவர்கள் வந்தால் தெருவின் எந்தப் பக்கம் நடந்தால் நல்ல கன்னம் தெரியும் என்று கணக்குப் போட்டு நடந்தேன். வீடியோ காலில் உங்கள் மனைவி, "ஏம்ப்பா சைடா உக்காந்து பேசறீங்க, கழுத்து வலியா?" என்று கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? அதுதான் விஷயம். நீங்கள் அவளுக்குப் பின்னால் போய் வந்துகொண்டிருந்தீர்கள். உங்களைப் பார்த்து ரகசியமாகக் கண்ணைச் சிமிட்டினேன். நீங்கள் ஒன்றும் தெரியாத மாதிரியே போனீர்கள். அந்த நடிப்பை மெச்சினேன்.

இடது கன்னம் அவ்வளவு சுலபமாக மடங்கவில்லை. கண்ணாடி என்றால் நான்தான் என்று நினைத்திருந்தவன் நான், பின்னால் வருகிற சைக்கிளைக்கூட கண்ணாடியிலேயே பிடித்துவிடுவேன். ஆனால் வண்டிக் கண்ணாடியில் நாம் நம்மைப் பார்ப்பதில்லை, அதுதான் வித்தியாசம். கத்தியை இந்தப் பக்கம் கொண்டுபோக நினைத்தால் கை அந்தப் பக்கம் போகிறது. அப்படிப் போன ஒரு தடவையில் மீசையின் இடது பாதி போய்விட்டது. வலி இல்லை, ரத்தம் இல்லை, பேசினில் விழுந்து கிடந்தது. ஸ்டூலில் இருந்தவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள், அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கியிருக்கிறாள். அடங்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து சிரித்தோம். அப்படி இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மிச்சப் பாதியையும் எடுத்துவிட்டேன். மறுநாள் சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று பழைய டிரைவிங் ஸ்கூலுக்குப் போனால், என்னோடு அத்தனை காலம் வேலை பார்த்த கவுண்டர் பெண் நிமிர்ந்து பார்த்து, "லேர்னரா சார், ரினியூவலா?" என்று கேட்கிறாள். "லேர்னர்தாம்மா" என்றேன். குரலைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

இன்று காலைதான் மாப்பிள்ளை அந்த நாள். இரண்டு கன்னம், தாடை, கழுத்து, மேலுதடு, எல்லாம் முடிந்து முகத்தைக் கழுவிப் படிகாரம் தடவினேன், எங்கேயும் எரியவில்லை. எரியவில்லை என்றால் வெட்டு இல்லை என்று அர்த்தம். தாடையில் இருப்பது பழைய காயம், அதை இதில் சேர்க்கக் கூடாது. ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து உங்கள் அத்தை புறங்கையால் என் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "குட்டி இனிமே அழமாட்டா" என்றாள். சொன்ன பிறகும் கையை உடனே எடுக்கவில்லை. பிறகு அவள் கடைக்குக் கிளம்பிப் போனாள், நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

சொல்ல வந்ததை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு நான் சரியாக இல்லை. எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டுமே, இல்லை. பகல் பாதி போன பிறகும் பனியனோடு உட்கார்ந்திருப்பேன். முகத்தில் முள் வளர்ந்தது சோம்பலால் இல்லை, யாருக்காக மழிப்பது என்று தோன்றியதால். ஒரு ஷேவிங் மெஷினைக் கொடுத்திருந்தால் தூக்கத்திலேயே ஓட்டிவிட்டு மறுபடி போய்ப் படுத்திருப்பேன். நீங்கள் இதைக் கொடுத்தீர்கள். இதைக் கையில் வைத்துக்கொண்டு வேறு எதையும் யோசிக்க முடியாது, நம் முகத்தை நாமே பார்த்தாக வேண்டும். பார்த்தேன். அவ்வளவு மோசமான முகம் இல்லை. இப்போது விடிந்ததும் எழுந்து மாத்திரை போட்டு, நடந்துவிட்டு வந்து, வாரில் தீட்டி, மழித்து, பேசினைக் கழுவி, துண்டை விரித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், இன்னும் நாள் முழுக்க மிச்சம் இருக்கிறது, அது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. பெற்ற பிள்ளைகூட இப்படி யோசித்திருக்க மாட்டான். மாப்பிள்ளை, உங்களுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன். இதைப் போனில் சொல்ல முயன்றால் கண்டிப்பாகப் போனை அத்தையிடம் கொடுத்துவிடுவேன். அதனால் இங்கேயே சொல்லிவிட்டேன்.

என் மகளுக்கு என் அன்பையும், குட்டிக்கு அவள் இரண்டு கன்னத்திலும் ஒன்றொன்றாக என் முத்தங்களையும் சொல்லவும். உங்கள் வேலையும் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும், வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சம் வராமல் இருக்க வேண்டும், உங்கள் தாடி நீங்கள் விரும்புகிற நீளத்துக்குச் செழித்து வளர வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமா,
கிளட்ச் மாஸ்டர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் வீட்டு நம்பரைக் கேட்கலாம் என்று, கடையிலிருந்து திரும்பி வந்த உங்கள் அத்தையிடம் கடிதத்தை நீட்டினேன். நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தவள், முட்டை இடத்தில் உட்கார்ந்தாள், பேசின் இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முழுக்கப் படித்து முடித்து, மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "இதைப் போஸ்ட் பண்ணாதீங்க. மாப்பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது. நான்தான் வாங்கினேன்" என்றாள். கத்தியும் நீங்கள் அனுப்பவில்லை, வீடியோவும் நீங்கள் அனுப்பவில்லை, மாத்திரை, டீ, நடை, பேசின், துண்டு, எதிலும் உங்களுக்குச் சம்பந்தமில்லை. வீடியோ காலில் நான் கண்ணடித்தபோது நீங்கள் ஒன்றும் தெரியாத மாதிரி போனீர்களே, அது நடிப்பே இல்லை. ஏன் இப்படிப் பண்ணினாய் என்று கேட்டேன். "நான் சொன்னா என்னைக்கு நீங்க கேட்டிருக்கீங்க? ரிடையர் ஆனதிலேர்ந்து நீங்க கண்ணாடியே பாக்கலை. கையில ஒரு கத்தி இருந்தா பயத்துலயாவது முழிச்சுக்கிட்டு நிப்பீங்கன்னு நினைச்சேன்" என்றாள். சரி, குட்டி என் முள் குத்தி அழுததாவது உண்மைதானே, மாப்பிள்ளை அதனால்தானே வாங்கிக்கொண்டு போனார் என்று கடைசிப் பிடியாகக் கேட்டேன். "அவ பசிக்கு அழுதா. பாட்டில் குடுக்க உள்ள தூக்கிட்டுப் போனார்" என்றாள்.

ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதியிருப்பதில் உங்களுக்குச் சேர வேண்டியது என்று பார்த்தால், தாடிக்கான வாழ்த்து ஒன்றுதான். இருந்தாலும் கடிதத்தை அனுப்புகிறேன். இவ்வளவு தூரம் உங்களோடு நான் பேசியதில்லை, அதைக் கிழித்துப் போட மனசு வரவில்லை. உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். அந்தக் கத்தியை நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்றே இருக்கட்டும். இல்லாவிட்டால் இத்தனை நாளும் நான் பெண்டாட்டி பேச்சைக் கேட்டு நடந்தவன் ஆகிவிடுவேன், அது மாடி வீடு வரைக்கும் பரவிவிடும். இன்னொன்று. கல்யாணமான புதிதில் உங்கள் அத்தை என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள். இரண்டாவது நாளே, நீங்கள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே மாட்டீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனவள்தான், அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானாகக் கூப்பிட்டால் இப்போது வரமாட்டாள். அதனால் நாளைக் காலை போனோடு அடுத்த அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, அத்தை கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்கிறார், இரண்டாவது பிரேக் இல்லாத வண்டியில்தான் கற்றுக்கொள்ள வேண்டுமாம் என்று சொல்லப்போகிறேன். அவள் உங்களைக் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். மாமா இனி மூன்றாவது டீ குடிக்கலாமா என்று கேட்டாலும் ஆமாம் என்றே சொல்லிவிடுங்கள்.